ஒரு செல்லுக்கு எத்தனை வாசல்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது. படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

நேரா ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். வயிற்றுப்போக்கு வந்தா நம்ம வீடுகள்ல உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி கொடுப்பாங்க. இல்லைன்னா கஞ்சித்தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுப்பாங்க. உடம்புல தண்ணிதானே குறைஞ்சிருக்கு, வெறும் தண்ணி கொடுத்தா போதாதா? உப்பு எதுக்கு, சர்க்கரை எதுக்கு? ரெண்டும் ஏன் சேர்ந்தே போகணும்?

இதுக்குப் பதில் குடலின் உள்சுவரில் இருக்கும் ஒரு புரதம். பெயர் எஸ்.ஜி.எல்.டி.1. இது செல்லின் சவ்வில் பதிந்து கிடக்கும் ஒரு வாசல்னு வெச்சுக்கோங்க. இந்த வாசலுக்கு ஒரு கண்டிஷன் உண்டு. குளுக்கோஸ் தனியா வந்தா உள்ளே விடாது, கூட 2 சோடியம் அயனிகள் வரணும். அதே மாதிரி, சோடியம் இந்த வழியா உள்ளே போகணும்னா குளுக்கோஸ் கூட வரணும். ஜோடியா வந்தாதான் கதவு திறக்கும். ரெண்டும் உள்ளே போனதும் தண்ணி அதன் பின்னாலேயே போகும். உப்பு, சர்க்கரை, தண்ணி மூணும் சேர்ந்தாதான் வேலை நடக்கும்ங்கறதுக்குக் காரணம் இதுதான். கஞ்சியில இருக்கற மாவுச்சத்தும் குடல்ல குளுக்கோஸா உடைஞ்சுடும், அதனால கஞ்சியும் உப்பும் இதே வாசல் வழியாத்தான் போகுது. காலராவிலும் இந்த வாசல் பெரும்பாலும் பழுதாகாமல் இருக்கும்ங்கறதுதான் இதில் பெரிய அதிர்ஷ்டம்.

இந்த ஒரு வாசலைப் புரிஞ்சுகிட்டதால என்ன நடந்ததுன்னு பாருங்க. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து போகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960-ல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார். 1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்கான் என்ற எல்லை ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி நோயாளிகளின் குடும்பத்தாரிடமே கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே போனது. அதுக்கு அப்புறம் ஓ.ஆர்.எஸ். உலகம் முழுக்கப் போய், கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. மஹலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இது ஒரே ஒரு வாசலோட கதை. நம்ம உடம்புல இந்த வகை வாசல்கள் சுமார் 450 இருக்கு. மீதி வாசல்களைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? அதுதான் இன்னைக்கு எபிசோட். தனித்தனியா இயங்கிப் பழகின விஞ்ஞானிகளை ஒரே மேசையில உட்கார வெச்சு, இந்த மொத்தக் குடும்பத்தையும் படிக்க வெச்ச ஒரு முயற்சியைப் பத்திப் பேசப்போறேன்.

டிபன் கேரியர் குடும்பம்

முதல்ல பெயர். இந்தக் குடும்பத்துக்குப் பெயர் சால்யூட் கேரியர்கள். சால்யூட்னா கரைபொருள், பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. கேரியர்னா நமக்குத் தெரிஞ்ச டிபன் கேரியர்ல வர்ற அதே கேரியர்தான், சுமந்து போவது. சுருக்கமா எஸ்.எல்.சி. நம்ம ஊர் எஸ்.எஸ்.எல்.சி.யில ஒரு எஸ் குறைச்சுட்டா ஞாபகம் இருக்கும்.

செல்லைச் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கு. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியோட தடிமன்ல பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனா அவ்வளவு மெல்லிய சவ்வை சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் எதுவும் சுலபமாத் தாண்ட முடியாது. எண்ணெயில உப்பைப் போட்டா கரையுமா? அதே கதைதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாசல் வேணும். அந்த வாசல்களில் பெரும் பங்கு எஸ்.எல்.சி. புரதங்கள். செல்லின் வெளிச்சுவரில் மட்டும் இல்லை, செல்லுக்குள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, லைசோசோம் போன்ற சின்னச் சின்ன அறைகளின் சுவர்களிலும் இவை இருக்கின்றன.

இந்த வாசல் ஒண்ணு பழுதானா என்ன ஆகும்? மூளைக்குள் குளுக்கோஸ் போவது குளூட்1 என்ற எஸ்.எல்.சி. வழியாக. அது பிறவியிலேயே சரியா வேலை செய்யலைன்னா, ரத்தத்தில் சர்க்கரை சரியா இருந்தும் குழந்தையின் மூளை பட்டினி கிடக்கும். வலிப்பு வரும். அதுக்குச் சிகிச்சை என்ன தெரியுமா? இன்ஸ்டாகிராம்ல உடம்பு குறைக்கறதுக்காகச் சொல்றாங்களே, அந்தக் கீட்டோ டயட். டாக்டர் மேற்பார்வையில், அந்தக் குழந்தைக்கு உணவில் கொழுப்பை அதிகமாக்கி மாவுச்சத்தைக் குறைப்பார்கள். கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் வேறொரு எஸ்.எல்.சி. வாசல் வழியாக மூளைக்குள் போகும். முன்வாசல் பூட்டியிருந்தா கொல்லைப்புறம் வழியா சாப்பாடு கொடுக்கற மாதிரி. எந்த வாசல் எங்கே இருக்குன்னு தெரிஞ்சதாலதான் இந்த வழியே கிடைச்சது.

உங்க வீட்டு மருந்து டப்பாவையும் ஒரு தடவை திறந்து பாருங்க. கால் வீக்கத்துக்குக் கொடுக்கற ஃபியூரோசெமைடு, அதாவது லேசிக்ஸ், சிறுநீரகத்துல ஒரு எஸ்.எல்.சி.யை அடைக்குது. மனச்சோர்வுக்குக் கொடுக்கற ஃப்ளூஆக்ஸெட்டின், எஸ்சிட்டலோபிராம் ரெண்டும் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் எஸ்.எல்.சி.யை அடைக்குது. சர்க்கரை நோய்க்குச் சாப்பிடற மெட்ஃபார்மின் கல்லீரலுக்குள்ளே போறதே பெரும்பாலும் ஒரு எஸ்.எல்.சி. வழியாத்தான்.

சர்க்கரை நோய்க்கே புதுசா வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் குடல் வாசலோட சகோதரனான எஸ்.ஜி.எல்.டி.2-வை அடைக்கின்றன. சிறுநீரகம் வடிகட்டிய குளுக்கோஸில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கு அனுப்புவது இந்த வாசல். அதை அடைச்சா, கூடுதல் சர்க்கரை சிறுநீர்ல போயிடும். இந்த மாத்திரைகளுக்கு ஒரு கொள்ளுப்பாட்டன் உண்டு. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள். அது சிறுநீரில் சர்க்கரையை வரவைக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அது எந்த வாசலை அடைக்கிறது, அந்த வாசலை மட்டும் தொடும் மருந்தை எப்படிச் செய்வது என்று கண்டுபிடித்து, ஐரோப்பாவில் டாபாகிளிஃப்ளோசின் அனுமதி பெற்றது 2012-ல். மரப்பட்டையிலிருந்து மாத்திரைக்கு 177 வருஷம்.

இந்த 177 வருஷம்ங்கற எண்ணை மனசுல வெச்சுக்கோங்க. 450 வாசலையும் இந்த வேகத்துல படிச்சா என்ன ஆகும்?

வெளிச்சம் இருக்கும் இடத்தில் தேடுவது

2015-ல் செல் என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. வியன்னாவில் செம் என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆமாங்க, நம்ம ஊர் 'செம'தான், உச்சரிப்பு அப்படித்தான் வரும். அங்கே இயக்குநராக இருந்த ஜூலியோ சூப்பர்டி-ஃபுர்கா என்பவரின் குழு எழுதியது. அவங்க புதுசா ஒரு புரதத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லலை. வேற ஒரு வேலை செஞ்சாங்க. மனித மரபணுக்களைக் குடும்பம் குடும்பமா எடுத்து, ஒவ்வொரு மரபணுவைப் பற்றியும் எத்தனை ஆய்வுக் கட்டுரை வந்திருக்குன்னு எண்ணினாங்க.

எல்லாக் குடும்பத்திலயும் நாலு பேர் பிரபலமா இருப்பாங்க, மத்தவங்க ஓரமா இருப்பாங்க. அது சகஜம். ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு மிக மோசமாக இருந்த குடும்பம் எஸ்.எல்.சி. ஒரு சில உறுப்பினர்கள் மீது கட்டுரைகள் மலையாகக் குவிந்திருந்தன. மற்றவை பெயரளவில் மட்டும் இருந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஸ்.எல்.சி.க்கள் எதைச் சுமக்கின்றன என்பதே தெரியாது. இவற்றை அநாதைகள் என்றே ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். வீட்டுல கதவு இருக்கு, ஆனா அந்த வழியா யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு வீட்டுக்காரருக்கே தெரியாது.

முல்லா கதை ஞாபகம் வரும் உங்களுக்கு. சாவியைத் தொலைச்சது இருட்டுல, தேடறது விளக்கு வெளிச்சத்துல. ஏன்னு கேட்டா, இங்கேதானே வெளிச்சம் இருக்குன்னார். சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா நான் எம்.எஸ்சி. படிச்ச காலத்துல பார்த்திருக்கேன், முல்லாவைக் குறை சொல்ல முடியாது. என்கூடப் படிச்ச ஒருத்தி, புராஜெக்டுக்கு யாரும் தொடாத ஒரு ஜீனை எடுக்கலாம்னு கைடுகிட்ட கேட்டா. அவர் முதல்ல கேட்ட கேள்வி, "இதுக்கு ஆன்டிபாடி கிடைக்குமா? இதுக்கு முன்னாடி எத்தனை பேப்பர் வந்திருக்கு?" ரெண்டுக்கும் பதில் இல்லை. பிரபலமான ஒரு ஜீனையே எடுத்து முடிச்சா. கைடு சொன்னது தப்பா? ரெண்டு வருஷத்துல டிகிரி முடிக்கணும், ஃபண்டிங் வாங்கணும், பேப்பர் வரணும். ஒரு தனி ஆளோட நிலையில இருந்து பார்த்தா அவர் சொன்னது நியாயம். ஆனா உலகத்துல இருக்கற எல்லா கைடும் இதே நியாயமான முடிவை எடுத்தா, மொத்தத்துல கிடைக்கறது இருட்டுதான்.

கருவி இல்லாததால யாரும் படிக்கறதில்லை. யாரும் படிக்காததால கருவி செய்யறவங்க இல்லை. இந்த வட்டத்தைத் தனி ஆளால உடைக்க முடியாது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

இந்தப் புரதங்கள் ஏன் ஒதுங்கியே கிடந்தன? மூணு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, சவ்வுப் புரதங்கள் கொழுப்புக்குள்ளேயே வாழ்ந்து பழகினவை. வெளியே எடுத்தா உருக்குலைஞ்சிடும். சோப்பு மாதிரியான பொருட்களைப் போட்டுப் பக்குவமா எடுக்கணும். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒவ்வொரு பக்குவம்.

ரெண்டு, ஒரு எஸ்.எல்.சி.யை நீக்கினா பல நேரம் ஒண்ணுமே நடக்காது. ஏன்னா பக்கத்து வாசல் அந்த வேலையை எடுத்துக்கும். ஒரு தெரு அடைச்சா ஆட்டோக்காரர் அடுத்த சந்துல புகுந்து போற மாதிரி. அப்போ அந்த வாசல் தேவையில்லாததா? இல்லை. சரியான சூழ்நிலையில சோதிச்சாதான் அதன் அருமை தெரியும்.

மூணு, இவை செய்யற வேலை அமைதியானது. ஜி.பி.சி.ஆர். என்று இன்னொரு பெரிய சவ்வுப் புரதக் குடும்பம் இருக்கிறது. வெளியே ஒரு ஹார்மோன் வந்து தொட்டால், அவை உள்ளே ஒரு பெரிய சலசலப்பையே கிளப்பும். அந்தச் சலசலப்பைச் சுலபமா அளக்கலாம். அந்தக் குடும்பத்தைப் படித்ததற்கு 2012-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றைக் குறிவைக்கின்றன. எஸ்.எல்.சி.க்களோ சத்தம் போடாது. மூலக்கூறை உள்ளே கொண்டுபோய் வெச்சுட்டுத் திரும்பி வந்துடும். அளக்கறதே சிரமம்.

தேர் எப்படி நகர்ந்தது?

அந்த 2015 கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு அழைப்பு இருந்தது: எஸ்.எல்.சி.க்களை முறையாக, மொத்தமாக ஆராய வாருங்கள் என்று. மூன்று வருடம் கழித்து, 2018 ஜூலையில், ரெசல்யூட் என்ற கூட்டமைப்பு தொடங்கியது. மொத்தம் 13 பங்காளிகள். ஒரு பக்கம் வியன்னாவின் செம், ஆக்ஸ்ஃபோர்டு, லைடன், லிவர்பூல், நேப்பிள்ஸ் பல்கலைக்கழகங்கள் போன்ற ஆய்வு அமைப்புகள். இன்னொரு பக்கம் ஃபைசர், நோவார்டிஸ், பேயர், சனோஃபி, போரிங்கர் இங்கல்ஹைம் போன்ற மருந்து கம்பெனிகள். பட்ஜெட் சுமார் 2 கோடியே 40 லட்சம் யூரோ. ஏறக்குறைய பாதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணம், மீதி பெரும்பாலும் கம்பெனிகள் தங்கள் ஆட்கள், ஆய்வக வேலை என்று போட்ட பங்கு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. ஃபைசரும் நோவார்டிஸும் கடைத்தெருவுல போட்டியாளர்கள். அவங்க ஏன் ஒரே மேசையில உட்காரணும்?

இதுக்கு ஒரு எளிமையான கணக்கு இருக்கு. ஒரே ஏரியில மீன் பிடிக்கற நாலு பேர் மீனுக்குப் போட்டி போடுவாங்க. ஆனா ஏரிக்குப் போக ரோடு வேணும்னா நாலு பேருக்கும் வேணும். ரோடு போடறதுக்குப் போட்டி எதுக்கு? எந்த எஸ்.எல்.சி. எதைச் சுமக்குதுன்னு தெரியறது ரோடு மாதிரி. அதை வெச்சு மருந்து செய்யறது மீன் பிடிக்கறது மாதிரி. ரோட்டைச் சேர்ந்து போடுவோம், ஊருக்கே திறந்துவிடுவோம், அதுக்கு அப்புறம் அவரவர் தூண்டில் அவரவர் பாடு. ரெசல்யூட்டோட ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: உருவாகும் கருவிகளும் தரவுகளும் எல்லாருக்கும் கிடைக்கணும்.

இது புது யோசனையும் இல்லை. மனித ஜீனோம் திட்டத்தில் இருந்தவர்கள் 1996-ல் பெர்முடா தீவில் கூடி, படித்த டி.என்.ஏ. வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஒரு ஒழுங்கு இல்லைன்னா, இந்த 450 பேரோட பட்டியலே நம்ம கையில இவ்வளவு சுதந்திரமா இருந்திருக்காது.

சரி, அவங்க என்ன செஞ்சாங்க? கேட்டா சலிப்பாக்கூட இருக்கும். நானூறுக்கும் மேற்பட்ட எஸ்.எல்.சி. மரபணுக்களுக்கு, ஒவ்வொன்றுக்கும், ஒரே மாதிரியான கருவிப்பெட்டி செய்தார்கள். அந்த மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட். அந்தப் புரதத்தை, ஒரு மருந்தைச் சேர்த்தவுடன் அதிகமாக உண்டாக்கும் செல்கள். அந்த மரபணுவை கிரிஸ்பர் முறையில் நீக்கிய செல்கள். அப்புறம் எல்லா செல்களிலும் ஒரே வரிசையில் சோதனைகள். இந்தப் புரதம் செல்லில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது? யாரோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது? இதைக் கூட்டினால், குறைத்தால் செல்லுக்குள் எந்தெந்த மூலக்கூறுகளின் அளவு மாறுகிறது? எந்தெந்த மரபணுக்கள் முழித்துக்கொள்கின்றன?

இதுல 'ஒரே மாதிரி'ங்கற வார்த்தைதான் முக்கியம். ஒருத்தர் எலி செல்லுல அளந்ததையும் இன்னொருத்தர் தவளை முட்டையில அளந்ததையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடறது கஷ்டம். ஒரே அளவுகோலால எல்லாத்தையும் அளந்தாதான், "அட, யாருன்னே தெரியாத இந்த வாசலும் நமக்குத் தெரிஞ்ச அந்த வாசலும் ஒரே மாதிரி நடந்துக்குதே"ன்னு கண்டுபிடிக்க முடியும். அநாதைகளுக்குச் சொந்தக்காரங்களைத் தேட முதல் துப்பு அங்கேதான் கிடைக்குது.

2021-ல் இதன் தொடர்ச்சியாக இன்னொரு திட்டமும் வந்தது. மனிதர்களுக்குள் இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகின்றன, அந்த மாற்றம் புரதத்தை என்ன செய்கிறது என்று பார்க்க. 2025-ல் ரெசல்யூட்டின் பெரிய முடிவுகள் மாலிக்யுலர் சிஸ்டம்ஸ் பயாலஜி இதழில் வரிசையாக வெளிவந்தன. செல் வகைகளும் பிளாஸ்மிட்களும் உலக ஆய்வகங்கள் வாங்கிப் பயன்படுத்தும்படி பொதுச் சேமிப்பகங்களில் வைக்கப்பட்டன. தரவுகள் ஆன்லைனில் இலவசம்.

இதில் எனக்கு இருக்கும் தயக்கங்கள்

இதுவரைக்கும் கேட்டா, கூட்டு முயற்சிதான் எல்லாத்துக்கும் பதில்னு தோணும். அவ்வளவு சுலபமா நான் ஒத்துக்க மாட்டேன்.

பெரிய கண்டுபிடிப்புகள் பல சின்னக் குழுக்களில் இருந்தே வந்திருக்கின்றன. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் எந்த வழியாகப் புகுகிறது என்பது பல வருடம் புதிராகவே இருந்தது. 2012-ல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லீ தலைமையிலான குழு கண்டுபிடித்தது. வழி என்ன தெரியுமா? பித்த உப்புகளைச் சுமக்கும் ஒரு எஸ்.எல்.சி. வைரஸ் அந்தக் கதவையே பிடிச்சுக்கிட்டு உள்ளே வருது. அதைக் கண்டுபிடிச்சது 13 பங்காளிகளோட கூட்டமைப்பு இல்லை, ஒரே கேள்வியை விடாப்பிடியா பிடிச்சுக்கிட்ட ஒரு குழு.

தோல் நிறம் கதையும் அப்படித்தான். கோல்டன் என்று பெயர் வைத்த ஒரு வெளிறிய ஜீப்ரா மீன் ஏன் வெளிறியிருக்கிறது என்று தேடியவர்கள் 2005-ல் எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களில் அதே மரபணுவில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பது தோல் நிறம் வெளுப்பதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தியத் துணைக்கண்டத்திலும் அந்த மாற்றம் பரவலாக, இடத்துக்கு இடம், சமூகத்துக்குச் சமூகம் வெவ்வேறு அளவில் இருப்பதை 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. மேட்ரிமோனியல் விளம்பரத்துல "சிவந்த நிறம்"னு போட்டுப் போட்டு நாம இத்தனை பேரைக் காயப்படுத்தியிருக்கோமே, அந்த நிறத்துல ஒரு பெரிய பங்கு ஒரு வாசல் புரதத்துல மாறின ஒரே ஒரு எழுத்து. இதையும் ஒரு மீன்தான் சொல்லிக் கொடுத்தது, எந்தத் திட்ட அறிக்கையும் இல்லை.

அதனால நான் இப்படிப் பார்க்கறேன். கூட்டமைப்பு வரைபடம் போடும். அந்த வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு, "இந்த மூலையில என்ன இருக்கு"ன்னு கிளம்பிப் போக ஒரு பிடிவாதக்காரர் எப்பவும் தேவை. வரைபடம் இருந்தா அவருக்கு வருஷங்கள் மிச்சம். வரைபடம் மட்டும் இருந்து போறதுக்கு ஆள் இல்லைன்னா, அது சுவத்துல மாட்டற படம்.

ரெண்டாவது தயக்கம், பெயர் யாருக்கு? நூறு பேர் சேர்ந்து எழுதற கட்டுரையில, 300-வது செல் வகையைப் பொறுமையா வளர்த்த இளம் ஆராய்ச்சியாளர் பெயர் எங்கேயோ நடுவுல வரும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பெயரா இருக்கான்னுதான் பார்ப்பாங்க. ரோடு போட்டவங்களை நாம ஞாபகம் வெச்சுக்கறதில்லை, அதுல வேகமா வண்டி ஓட்டினவங்களைத்தான் ஞாபகம் வெச்சுக்கறோம். கருவி செய்யறவங்களுக்கு மரியாதை கொடுக்கற முறையை அறிவியல் உலகம் கத்துக்கலைன்னா, அடுத்த தேரை இழுக்க ஆள் வரமாட்டாங்க.

மூணாவது, பொதுப்பணத்துல பாதி, கம்பெனி பாதின்னு போட்டு, கடைசியில லாபம் கம்பெனிக்குத்தானேன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. தரவு திறந்திருக்கறதுதான் இதுக்கு ஓரளவு பதில். ஓரளவுதான். ஏன்னா திறந்த தரவுல இருந்து மருந்து செய்யற பணபலம் எல்லாருக்கும் இல்லை. டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்த பிறகு பல கம்பெனிகள் அதைச் செய்ய ஆரம்பித்தன, விலை சரிந்தது. எம்பாகிளிஃப்ளோசினுக்கும் 2025 மார்ச்சில் அதுவே நடந்தது. எங்க தெரு மெடிக்கல் ஷாப்ல விலை குறைஞ்சப்புறம்தான் பல பேர் மாசா மாசம் தவறாம வாங்க ஆரம்பிச்சாங்க. அறிவு பொதுவா இருக்கறதும் மருந்து கைக்கு எட்டறதும் ரெண்டு தனித்தனி சண்டை. முதல் சண்டையில ஜெயிச்சா ரெண்டாவது தானா ஜெயிச்சுடாது.

நமக்கு இதில் என்ன?

இந்த எபிசோடை கேக்கறவங்கள்ல பாதி பேர் பயோடெக், ஃபார்மசி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறவங்கன்னு எனக்கு வர்ற மெசேஜ்ல இருந்து தெரியுது. உங்களுக்காக ஒரு விஷயம்.

மதுரையிலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு கல்லூரியில படிக்கற மாணவிக்கு, பல கோடி ரூபா கருவி வாங்கி 400 செல் வகை வளர்க்க முடியாது. ஆனா அந்த 400 செல் வகைகளோட தரவு இப்ப அவங்க லேப்டாப்புக்கு இலவசமா வரும். அநாதையா கிடக்கற ஒரு எஸ்.எல்.சி.யை எடுத்து, அதை நீக்கினா என்னென்ன மாறுதுன்னு பார்த்து, தெரிஞ்ச புரதங்களோட ஒப்பிட்டு, ஆல்ஃபாஃபோல்டு கணிச்ச வடிவத்தையும் பக்கத்துல வெச்சு, "இது இந்தப் பொருளைச் சுமக்கலாம்"னு ஒரு ஊகத்தை அவங்களால உருவாக்க முடியும். அந்த ஊகத்தைச் சோதிக்கறதுக்கும் வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யிலேயே இந்தக் குடும்பப் புரதங்களின் வடிவத்தை ஆராயும் ஆய்வகம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னாடி என்கூடப் படிச்ச அந்தத் தோழிக்கு இந்த வாய்ப்பு இல்லை. "எத்தனை பேப்பர் வந்திருக்கு?"ன்னு கைடு கேட்டா, இன்னைக்கு ஒரு மாணவி, "பேப்பர் கம்மிதான் சார், ஆனா தரவு இருக்கு, செல் இருக்கு, பிளாஸ்மிட் இருக்கு"ன்னு சொல்லலாம். அந்தப் பதிலை அவங்க கையில கொடுத்ததுதான் இந்தக் கூட்டு முயற்சியோட உண்மையான சாதனைன்னு நான் நினைக்கறேன்.

சமையலறையில இருக்கற உப்பும் சர்க்கரையும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாத்த, ஒரே ஒரு வாசலைப் புரிஞ்சுகிட்டது போதுமானதா இருந்தது. இன்னும் நூத்துக்கும் மேல வாசல்ல யார் வர்றாங்க, போறாங்கன்னு நமக்குச் சரியாத் தெரியாது. அதுல ஒண்ணை உங்கள்ல யாராவது தட்டிப் பார்க்கலாம்.

அடுத்த எபிசோட்ல, சவ்வுப் புரதங்களை உறைய வெச்சுப் படம் பிடிக்கற க்ரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பத்திப் பேசறேன். கேள்வி இருந்தா எழுதுங்க. அதுவரைக்கும், உடம்பைப் பார்த்துக்கோங்க, தண்ணி நிறைய குடிங்க.